மெரிக்கோம்ப் மாளிகையின் தாய்ப்பத்திரம்

க்ளீவ் பண்ணையில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெட்ட வளர்க்கிற பன்றிக்கு ஒரே பெயர்தான்: ஹம்ஃப்ரி பிம். பன்றி மாறும், பெயர் மாறாது. ஜேபஸ் யெல்லண்டின் அப்பா காலத்திலும் அதே பெயர், தாத்தா காலத்திலும் அதே பெயர். இருநூறு வருஷமாக ஒரே மனுஷனைத் திட்டியும் ஆத்திரம் அடங்காத குடும்பம் அது. வாயால் திட்டியது போதாதென்று வருஷத்துக்கொரு முறை அவனை உப்புப் போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டார்கள்.

யார் அந்த பிம்? அதைச் சமையலறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த தோல் பத்திரம் சொல்லும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு முத்திரை, வருஷம் 1746. அப்போது மெரிக்கோம்ப் மாளிகையும் அதைச் சுற்றிய நிலமும் யெல்லண்டுகளுடையவை. டோபியாஸ் க்ரேவ்லி என்ற வக்கீல், 'மாளிகை என்னுடையது' என்று ஜைல்ஸ் யெல்லண்டின் மேல் லண்டனில் வழக்குப் போட்டான். 'இந்தச் சொத்தில் வில்லங்கம் வராது என்று எனக்குப் பொறுப்பேற்றவர் இவர்' என்று ஜைல்ஸ் பிம்மைக் கூண்டுக்குக் கூப்பிட்டார். பிம்மும் வந்தான், நான்தான் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டான். அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்று வக்கீல் அனுமதி வாங்கி வெளியே கூட்டிப் போனான். வக்கீல் திரும்பி வந்தான், பிம் வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நீதிமன்றம் மாளிகையை வக்கீலுக்கே தீர்ப்பெழுதியது. இதெல்லாம் யாரோ கட்டிவிட்டதில்லை. பத்திரத்திலேயே இப்படித்தான் எழுதியிருந்தது. அடுத்த வருஷத்துக்குள் மாளிகை செல்வுட் குடும்பத்திடம் போய்விட்டது. யெல்லண்டுகளுக்கு மிஞ்சியது மேட்டு நிலத்தில் இருந்த இந்த க்ளீவ் பண்ணைதான்.

ஜேபஸுக்கு எழுபது வயது. ஒரே மகள் டாம்சின். முப்பத்தெட்டு வயதில் அவள் ஒருத்திதான் பண்ணையை நடத்திக்கொண்டிருந்தாள். பால் கறப்பதும் உழுவதும் வேலி பின்னுவதும் ராத்திரி கன்று ஈனும் பசுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் அவள்தான். ஆனால் பண்ணை அவளுக்கு இல்லை. யெல்லண்ட் நிலம் யெல்லண்ட் ஆணுக்குத்தான் என்று ஜைல்ஸின் பாட்டன் எழுதிவைத்த கட்டு ஒன்று இருந்தது. அதனால் ஜேபஸுக்குப் பின் க்ளீவ், பிளிமத்தில் காப்பீடு விற்றுக்கொண்டிருந்த அவருடைய தம்பி மகன் டென்சிலுக்குப் போகும். டென்சில் வருஷத்துக்கு இரண்டு முறை பளபளக்கும் காலணியோடு வந்து, சேறு படாமல் முற்றத்தைத் தாண்டுவது எப்படி என்று யோசித்தபடி வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவான்.

"என் கையில என்ன இருக்கு? எழுத்து அப்படி," என்பார் ஜேபஸ். டாம்சினும் அந்த எழுத்தைத்தான் மனதுக்குள் வைதுகொண்டிருந்தாள், அப்பாவை அல்ல.

1954 ஆகஸ்டில் மாளிகை வாசலில் ஏல விளம்பரப் பலகை முளைத்தது. எண்பது வயது மிஸ் ஹனோரியா செல்வுட்டுக்கு வாரிசு கிடையாது. கூரையைப் பழுது பார்க்கவும் அவளால் முடியவில்லை. மறுநாள் காலையில் அந்தப் பலகைமேல் வெள்ளை அடித்தாற்போல் இப்படி எழுதியிருந்தது: திருட்டுச் சொத்து. வாங்குபவன் ஏமாளி.

யார் எழுதியது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ஜேபஸின் கோட்டுக் கை முழுக்கச் சுண்ணாம்பு.

போலீஸ் வரும் என்று டாம்சின் பயந்துகொண்டிருந்தாள். வந்தது மிஸ் செல்வுட்டின் ஓட்டைக் கார். பண்ணைக் கேட்டுக்கு வெளியே அதை நிறுத்தி இறங்கி, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நின்றாள். செல்வுட் குடும்பத்தில் யாரும் அந்தக் கேட்டைத் தாண்டி வந்ததில்லை, அவளும் தாண்டவில்லை.

"யெல்லண்ட், சுண்ணாம்புல எழுதியிருக்கீங்களே. ஒரு மழைக்குத் தாங்காது. தார் வாங்கியிருக்கக் கூடாதா?"

ஜேபஸ் தொப்பியைக் கழற்றவில்லை. "திருட்டுன்னா திருட்டுதான். எழுதினது சுண்ணாம்புன்னா பொய்யாயிடுமா?"

"அதத்தான் கேக்க வந்தேன். எங்க பெட்டியில பத்திரம் கட்டுக் கட்டா கெடக்கு. என் கண்ணுக்கு இப்ப படிக்க வராது. படிக்கத் தெரிஞ்ச ஆள அனுப்புங்க, மேலேருந்து கீழ வரைக்கும் புரட்டிப் பாக்கட்டும். எங்க ஆளுங்க திருடினதுன்னு தெரிஞ்சா பலகையக் கழட்டிட்டு வீட்ட உங்களுக்கே எழுதித் தரேன். கூரை ஒழுகும், அத முன்னாடியே சொல்லிட்டேன்."

"உங்க வார்த்தைய நம்பி?"

"செல்வுட் வார்த்தைய நம்ப மாட்டீங்க, சரி. சாகப்போற கிழவி வார்த்தைய நம்புவீங்களா?"

கார் உறுமிக்கொண்டு திரும்பிப் போனது. அந்தக் கேட்டருகே நின்ற கிழவியை டாம்சின் ரொம்ப நாள் மறக்கவில்லை. தன் குடும்பம் திருடியிருக்கலாம் என்ற கேள்வியை எதிரியின் வாசலுக்கே கொண்டுவந்து வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அன்று சாப்பாட்டு மேஜையில் ஜேபஸ் பேரம் பேசினார். "நீதான் போற. திருட்ட நிரூபிச்சுட்டு வா. மாளிகை வந்தா அது டென்சிலுக்கு. அவனுக்கு மாளிகை கெடச்சா இந்தச் சேத்த ஏன் கட்டிக்கிட்டு அழறான்? க்ளீவ உன் பேருக்கு விட்டு எழுதித் தருவான். நான் அவன்கிட்ட போன்ல பேசிட்டேன்."

"நெசமாவா?"

"நான் பொய் சொல்லுவேனா? நான் என்ன செல்வுட்டா?"

டாம்சின் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். தன் நிலம் தனக்கே வருவதற்கு ஒரு வழி உண்டு என்று முதல் தடவையாக அன்றுதான் கேள்விப்பட்டாள். அதற்கு ஜைல்ஸ் ஏமாற்றப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே.

அறுவடை முடிந்ததிலிருந்து, மத்தியானப் பால் கறந்தபின் டாம்சின் மாளிகைக்குப் போக ஆரம்பித்தாள். நூலக அறையில் கூரை ஒழுகும் இடங்களிலெல்லாம் கிண்ணம் வைத்திருந்தது. நடுவில் இரும்புப் பட்டையடித்த பெட்டி. மிஸ் செல்வுட் தேநீர் ஊற்றுவாள், டாம்சின் சத்தமாகப் படிப்பாள். முதல் வாரம் ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் தலை சுற்றியது. ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி கிடையாது, ஒரு விஷயத்தை நாலு வார்த்தையில் சொல்வது. கொடுத்தேன், விற்றேன், விடுவித்தேன், உறுதிசெய்தேன்.

"ஒரு தடவ சொன்னா போதாதா இந்த ஆளுங்களுக்கு?" என்றாள் டாம்சின்.

"வார்த்தைக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கின ஆளு. சும்மா விடுவானா?"

ஆனால் போகப்போக அவளுக்கு அதில் ருசி தட்டிவிட்டது. யெல்லண்டுகள் காலத்திலிருந்தே பெட்டியில் கிடந்த சில பத்திரங்களின் மேல்விளிம்பு அலை அலையாக வெட்டியிருந்தது. ஒரே தோலில் ஒரே உடன்படிக்கையை இரண்டு தடவை எழுதி, நடுவே வளைத்து வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதி எடுத்துப்போவார்கள். நாளைக்குச் சண்டை வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கலாம். கள்ளப் பத்திரமானால் விளிம்பு பொருந்தாது. அப்படி ஒரு ஜோடி பெட்டிக்குள்ளேயே கிடைத்தபோது டாம்சின் மேஜைமேல் வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். முந்நூறு வருஷத்துக்கு முன் கத்தி போன வழியில் இரண்டும் சிக்கென்று ஒட்டிக்கொண்டன. அன்று முழுக்க அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கத்தியும் ஆட்டுத் தோலும் மட்டும் வைத்துக்கொண்டு என்ன வேலை பார்த்திருக்கிறார்கள்!

வயல்களின் பெயர்களும் அப்படித்தான். பசி மேடு, சோம்பேறிக் கட்டம், நீள வால். அவள் தினமும் மாட்டை ஓட்டிப்போகும் இடங்கள் அதே பெயரில், அதே வரிசையில், அதே வேலிக்குள் அங்கே இருந்தன. நீள வாலின் கீழ்முனையில் தண்ணீர் தேங்கும் என்று ஒரு பத்திரம் குறைபட்டுக்கொண்டது. இப்போதும் தேங்குகிறது.

இப்படியே ஒவ்வொரு கையாகப் பின்னோக்கிப் போனார்கள். மிஸ் செல்வுட்டுக்கு அண்ணனிடமிருந்து வந்தது, அண்ணன் போரில் போய்விட்டான். அவனுக்கு அப்பாவிடமிருந்து, அவருக்குச் சித்தப்பாவிடமிருந்து. நவம்பரில் கடைசிக் கட்டைப் பிரித்தபோது ப்ரூடென்ஸ் செல்வுட், விதவை, என்ற பெயரில் வந்து நின்றார்கள். அவளிடமிருந்துதான் செல்வுட்டுகளின் வரிசை ஆரம்பம். அவளுக்கு யார் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"வக்கீல் க்ரேவ்லி வித்திருப்பான்," என்றாள் டாம்சின்.

"வித்திருந்தா கிரயப் பத்திரம் எங்க?"

"அதான் இல்லையே. திருட்டுச் சொத்த வாங்கினவங்க பத்திரத்த வெச்சிருப்பாங்களா?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மிஸ் செல்வுட் கோபப்படவில்லை. கிண்ணத்தில் சொட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசறது நியாயந்தான். ஆனா பாதியில விடாத. எக்ஸெட்டர்ல பழைய வக்கீல் காகிதமெல்லாம் சேத்து வெச்சிருக்காங்களாம். போய்ப் பாத்துட்டு வா. அதுலயும் ஒண்ணும் இல்லன்னா வீட்ட எடுத்துக்கங்க."

எக்ஸெட்டர் ஆவணக் காப்பகத்தில் லயனல் ப்ரௌஸ் என்பவர் எதிரே உட்கார்ந்திருந்தார். ஜலதோஷம் பிடித்த மனுஷர், கைக்குட்டையும் கையுமாக இருந்தார். வீட்டுச் சுவரில் இருந்த பத்திரத்தையும் மாளிகைப் பெட்டியையும் பற்றிச் சொல்லி, வக்கீல் க்ரேவ்லி நடத்திய வழக்குகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றாள் டாம்சின். அவர் பெரிய பெட்டியாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

மேலாக இருந்தது க்ரெடிட்டன் ஊர் மில் முதலாளி ஒருவரின் தீர்ப்பு. க்ரேவ்லி வழக்குப் போட்டான். மில் முதலாளி பொறுப்பாளியைக் கூப்பிட்டார். பொறுப்பாளி வந்தான், ஒப்புக்கொண்டான், வக்கீலோடு வெளியே போனான், திரும்பவில்லை. அவன் பெயர் ஹம்ஃப்ரி பிம்.

டாம்சினுக்கு ரத்தம் கொதித்தது. அட பாவி, எங்களை மட்டுமா ஏமாத்தினே? அடுத்ததை எடுத்தாள். டிவர்ட்டன் பாதிரியார் ஒருவரின் பழத்தோட்டம். பிம் வந்தான், வெளியே போனான், ஓடிப்போனான். அடுத்தது பிடிஃபோர்ட் கப்பல்காரர். பிம் ஓடிப்போனான். அதற்கடுத்தது வேறொரு வக்கீல் நடத்தியது. அதிலும் பிம்தான் ஓடிப்போனான். பத்து வருஷத்துக்கு முந்தைய வழக்கில் ஓடினான், பத்து வருஷத்துக்குப் பிந்தைய வழக்கிலும் ஓடினான். ஒரே நாளில் காலையில் ஒரு வழக்கிலும் மத்தியானம் ஒரு வழக்கிலும் ஓடியிருந்தான்.

பெட்டியின் பாதியில் டாம்சினின் கை நின்றுவிட்டது. காலையில் ஓடிப்போனவனை மத்தியானம் யார் மறுபடி கூண்டில் ஏற்றினார்கள்? இத்தனை தடவை ஓடுகிறவனை ஒரு நீதிபதியாவது பிடித்து உள்ளே போட மாட்டாரா? கதவையாவது சாத்தச் சொல்ல மாட்டாரா?

அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ப்ரௌஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "பிம்மப் பாத்துட்டீங்களா? பாவம், நல்ல மனுஷன். கோர்ட்டு டவாலி. பேர் சொல்லிக் கூப்பிடறதுதான் வேல. நடுவுல அப்பப்ப ஓடிப்போறதுக்குச் சில்லற குடுப்பாங்க."

"ஓடறதுக்குச் சம்பளமா?"

"வேற வழி? பாட்டன் 'ஆம்பள வாரிசுக்குத்தான் நிலம்'னு எழுதி வெச்சுட்டுப் போயிடுவான். பேரன் அந்தக் கட்ட அவிழ்க்கணும்னா நேரா அவிழ்க்க வழி கெடையாது. ஆனா வழக்குல தோத்துட்டா? தோத்தவன என்ன பண்ண முடியும்? கட்டு அறுந்து போச்சு. வாரிசு வந்து நஷ்டம் கேட்டா, பொறுப்பேத்துட்டு ஓடின பிம்மப் போய்க் கேளுன்னுடுவாங்க. அதனால தோக்கறதுக்குன்னே தனக்கு வேண்டிய வக்கீல விட்டுத் தன் மேலயே வழக்கு போட வெச்சுக்குவாங்க. வாதி, பிரதிவாதி, ஜட்ஜு, டவாலி, எல்லாருமே கூட்டு. ஏமாந்தவன் ஒருத்தனும் இல்ல."

"ஜெயிச்ச வக்கீல் நிலத்த வெச்சுக்க மாட்டானா?"

"ஒரு நாள் கூட வெச்சுக்க முடியாது. தீர்ப்புக்கு அப்புறம் யாருக்குப் போகணும்னு முன்னாடியே இன்னொரு பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பாங்க. இந்த மாதிரித் தீர்ப்புக்கு அதுதான் தாய்ப்பத்திரம். இத மட்டும் சுவத்துல மாட்டி வெச்சா நாடகத்துல பாதி மாதிரி. மீதி உங்க மாளிகைப் பெட்டியிலதான் இருக்கணும். தேடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் டாம்சினுக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. அவள் நல்லவள்தான், ஆனாலும் யோசிக்கத்தான் செய்தாள், அதை மறைப்பானேன். எக்ஸெட்டரில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மிஸ் செல்வுட் வாக்கு மாற மாட்டாள். மாளிகை டென்சிலுக்கு, க்ளீவ் தனக்கு. பசி மேடு, நீள வால், ஈனப்போகும் செவலைப் பசு எல்லாம் தனக்கு. யாருக்கு என்ன நஷ்டம்? கிழவிக்குப் பிள்ளையா குட்டியா?

ஓகாம்ப்டனில் பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொண்டது. கேட்டருகே ஊன்றுகோலோடு நின்ற கிழவியின் ஞாபகம் வந்தது. சனியன், இந்தக் கிழவி மட்டும் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தபடியே, ஊரில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே மாளிகைக்கு நடந்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மிஸ் செல்வுட் இருமல் வரும்வரை சிரித்தாள். "அப்ப எங்க குடும்பத்துல யாருமே திருடலையா? சப்புன்னு போச்சே. சின்ன வயசுல எனக்கு அது எவ்வளவு பெருமையா இருந்தது தெரியுமா?"

"இன்னொரு பத்திரம் இருக்கணுங்கறாரு. நாமதான் எல்லாக் கட்டையும் பிரிச்சுட்டோமே?"

மிஸ் செல்வுட்டின் சிரிப்பு நின்றது. "எல்லாத்தையும் பிரிக்கல."

பெட்டியின் மூடிக்குள்ளே ஒரு தனி அறை இருந்தது. அதிலிருந்து ஒரு சின்னக் கட்டை எடுத்தாள். மேலே யாரோ பழைய கையால் எழுதியிருந்தார்கள்: யெல்லண்டின் க்ளீவ்.

"உங்க பண்ணைப் பேரு போட்டிருந்தது. அடுத்த வீட்டுப் பத்திரத்தப் பிரிக்கறது அடுத்த வீட்டுத் தபால ஒடைக்கற மாதிரின்னு எங்கப்பா தொட விடல. அவங்கப்பாவும் விடல. கேட்டு வாங்கிக்கட்டும்னு இருந்தாங்க. மாளிகைக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கும் தோணல."

"நாங்க கேக்கவே இல்ல."

"நீங்க எங்க இந்த வாசல மிதிச்சீங்க?"

இருநூறு வருஷம் மரியாதைக்காக ஒரு குடும்பம் பிரிக்கவில்லை, ரோஷத்துக்காக இன்னொரு குடும்பம் கேட்கவில்லை. இப்படியும் மனுஷர்கள் உண்டா என்றால், டெவன் பக்கம் நிறையவே உண்டு. டாம்சின் முடிச்சை அவிழ்த்தாள். தீர்ப்புக்கு ஒரு மாதம் முந்தைய தேதி. கீழே ஜைல்ஸ் யெல்லண்டின் கையெழுத்து, நல்ல பெரிய எழுத்தில். அவள் படிக்கப் படிக்கக் கிழவி காதை அருகே கொண்டுவந்தாள்.

ஜைல்ஸுக்கு மகன் இல்லை. ஒரே மகள். கட்டு அவிழாவிட்டால் மாளிகையும் நிலமும் தம்பி மகன் ரோஜருக்கே போய்விடும். அதனால் வக்கீல் க்ரேவ்லி வழக்குப் போடுவது, ஜைல்ஸ் தோற்பது, தோற்ற சொத்து ஜைல்ஸ் உயிரோடு இருக்கும்வரை அவரிடமே இருப்பது. அவருக்குப் பின் மாளிகை அவருடைய மகளும் வில்லியம் செல்வுட்டின் மனைவியுமான ப்ரூடென்ஸுக்கு. ரோஜர் வெறுங்கையாகப் போகக் கூடாது என்பதால் க்ளீவ் பண்ணை அவனுக்கும் அவன் வாரிசுகளுக்கும்.

"ப்ரூடென்ஸ் யெல்லண்ட் பொண்ணா?" மிஸ் செல்வுட் நாற்காலியில் சாய்ந்தாள். "அப்ப நானும் யெல்லண்டா? அடக் கடவுளே. இத உங்கப்பாகிட்ட நான் சொல்றேன், அந்தச் சந்தோஷத்த எனக்குக் குடு."

"இல்ல மிஸ் செல்வுட். நான்தான் சொல்லணும்," என்றாள் டாம்சின்.

ஜேபஸ் அடுப்படியில் காலுறையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். பிம் டவாலி என்றதும் நம்பவில்லை. ஓடுவதற்குச் சம்பளம் என்றதும் எழுந்துவிட்டார்.

"யாரு சொன்னது? எந்தப் படிச்ச கழுதை சொன்னது?"

"நானே பாத்தேம்பா. ஒரே நாள்ல ரெண்டு தடவ ஓடியிருக்கான். எந்தக் கோர்ட்டு அப்படி விடும்?"

ஜேபஸ் சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார், உத்தரத்தில் தொங்கிய தொடைக்கறியையும் பார்த்தார். "சரி, மாளிகை?"

"பறிபோகலப்பா. குடுத்தது."

"யாருக்கு?"

"பொண்ணுக்கு."

அவர் உட்கார்ந்தார். "நம்ம பண்ண?" என்றார்.

"அதுவும் ஜைல்ஸ் குடுத்ததுதான், அதே பத்திரத்துல. ரோஜருக்கும் அவர் வாரிசுகளுக்கும்னு இருக்கு. ஆம்பளைன்னு ஒரு வார்த்தை கெடையாது. அந்தப் பத்திரம் திருட்டுன்னா க்ளீவும் நம்மளுது இல்ல."

"ரோஜர் இத ஏன் சொல்லல?"

"மாளிகை வரும்னு காத்துக்கிட்டிருந்தவனுக்குப் பண்ணைதான் கெடச்சது. தீர்ப்ப நகல் வாங்கி வக்கீல்கிட்ட காட்டியிருப்பான். வக்கீல் உண்மையச் சொல்லியிருப்பான். வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட என்னத்த சொல்லுவான்? பாதியச் சொல்லியிருப்பான்."

ஜேபஸின் குரல் தணிந்தது. "நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா க்ளீவ் உனக்கு வந்திருக்கும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"அந்தம்மா வீட்ட வாங்கிக்கிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்த நெலத்துல நடப்பேன்? இத்தன வருஷமா எழுத்து அப்படின்னீங்க. நானும் எழுத்துமேல கோவப்பட்டுக்கிட்டே உழுதேன். இப்ப எழுத்து இல்ல. இனிமே டென்சிலுக்குக் குடுத்தா, அது நீங்க குடுக்கறது. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

அவர் எழுந்து கோழிக் கூண்டைச் சாத்தப் போனார். கூண்டை டாம்சின் முன்பே சாத்தியிருந்தாள்.

ஒரு வாரம் வீட்டில் பேச்சு நடக்கவில்லை. உப்பைத் தா, கதவைச் சாத்து என்பதோடு சரி. டாம்சின் மத்தியானங்களில் மாளிகைக்குப் போய்ப் பிரித்த கட்டுகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு மத்தியானம் பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. மிஸ் செல்வுட் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா," என்றாள். ஜேபஸ் பிரார்த்தனைக்குப் போகும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார்.

"சொந்தக்காரங்க முன்வாசல் வழியா வரணும் யெல்லண்ட்," என்று கிழவி உள்ளேயிருந்து கத்தினாள்.

அவர் நிஜமாகவே வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றினார். நூலகத்துக்குள் வந்து, டாம்சின் இருப்பதைக் கண்டுகொள்ளாமல், "அந்தப் பத்திரத்தப் பாக்கணும்," என்றார்.

மேஜைமேல் அதை விரித்தாள் டாம்சின். அவர் விரலை வைத்து வரி வரியாகப் போனார். எழுத்துப் பழகாததால் அடிக்கடி நின்றார். ஓரிடத்தில் விரல் நகரவே இல்லை.

"இங்க என்ன எழுதியிருக்கு?"

டாம்சின் குனிந்து பார்த்தாள். "என் மகள் ப்ரூடென்ஸிடம் எனக்குள்ள இயல்பான அன்பையும் பாசத்தையும் முன்னிட்டு..."

"இது அவர் சொன்னதா, வக்கீல் சேத்ததா?"

மிஸ் செல்வுட் சொன்னாள்: "வக்கீல் எழுதற வரிதான். பிள்ளைங்களுக்குக் குடுக்கற எல்லாப் பத்திரத்துலயும் அப்படியேதான் இருக்கும். ஆனா ஒண்ணு யெல்லண்ட், இந்த ஆளு ஊரு ஊரா அலைஞ்சு, வக்கீலப் புடிச்சு, தன் மேலயே வழக்கு போட வெச்சு, லண்டன் கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் தோத்துட்டு வந்திருக்காரு. இந்த வரிக்கு அவர் குடுத்த வில அது."

ஜேபஸ் அங்கேயே உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படித்து முடித்தார். கிழவி கொடுத்த தேநீரையும் குடித்தார். போகும்போது கூரையை அண்ணாந்து பார்த்து, "மேக்கால மூணு ஓடு போயிருக்கு. நாளைக்கு ஏணி எடுத்துட்டு வரேன்," என்றார்.

மாளிகை ஜனவரியில் ஏலம் போனது. ஒரு பள்ளிக்கூடம் எடுத்துக்கொண்டது. அதற்கு மறுவாரம் ஜேபஸ் டாம்சினைக் கூட்டிக்கொண்டு ஓகாம்ப்டனுக்குப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. வக்கீல் வென்னின் அறையில் உட்கார்ந்தபின்தான் மேஜைமேல் இருந்த தாளின் தலைப்பில் க்ளீவ் பண்ணை என்ற பெயரை அவள் பார்த்தாள். கீழே தானமாகப் பெறுபவர் என்ற இடத்தில் தன் பெயர். உயில் கூட இல்லை. இன்றைக்கே, அப்பா உயிரோடு இருக்கும்போதே.

அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

வென்னுக்கு அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். தாளை எடுத்து வேகமாகப் படித்தார். "ஜேபஸ் யெல்லண்ட், விவசாயி, இனி கொடுப்பவர்னு சொல்லப்படுபவர். டாம்சின் யெல்லண்ட், மேற்படியாரின் மகள், இனி பெறுபவர். அப்புறம் காரணம், வழக்கமான வாசகம். அடுத்து நெல விவரம். வடக்கே பசி மேடு..."

"நில்லுங்க," என்றார் ஜேபஸ். "ஒரு வரிய விட்டுட்டீங்க."

"விடல மிஸ்டர் யெல்லண்ட், எழுத்துல இருக்கு. எல்லாப் பத்திரத்துலயும் வர்றதுதான், படிக்கத் தேவையில்ல."

"எழுத்துல இருக்கறது எனக்குத் தெரியும். இவளுக்கு யாரும் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல. மெதுவாப் படிங்க."

வென் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மேலே போய், அந்த வரியை ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார். ஜேபஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டாம்சின் தலை நிமிரவே இல்லை.

"சரி," என்றார் ஜேபஸ். "எங்க கையெழுத்துப் போடணும்?"